சுரண்டாத அறை

என் வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடிப்பவர். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது புருவம், இமை, காதுமடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். கனவிலிருந்து பாதியில் எழுந்து வந்தவர் மாதிரி வாசலில் நிற்பார். "கை கால் கழுவிட்டு உள்ள வாங்க" என்று நான் அதட்டிய பிறகுதான் மனிதராவார். முப்பத்தைந்து வருஷமாக இதே கதைதான்.

அவர் அடித்த சுவர்களில் பாதி பழைய சிறைச்சாலையுடையது. வெள்ளைக்காரர்கள் கட்டியது. யுத்தம் வந்ததும் வேறொரு பட்டாளம் ஊரைப் பிடித்து, கட்டினவர்களையே அதற்குள் பூட்டியது. அப்புறம் ஊர்க்காரர்களையும் அள்ளிக்கொண்டு போனது. ஒருவர் படுக்கும் அறையில் எட்டுப் பேர். அவர்களில் ஒருவர் என் மாமனார், தையல்காரர். அளவு நாடா கழுத்தில் தொங்க, கடையிலிருந்து அப்படியே கூட்டிப்போனார்களாம். நாத்தனாருக்கு அப்போது ஆறு வயது. என் வீட்டுக்காரர் மாமியார் வயிற்றில். மூன்று வருஷத்தில் யுத்தம் முடிந்தது, மாமனார் வரவில்லை.

சிறை பல வருஷம் பூட்டிக் கிடந்தது. மறுபடி திறந்தபோது, கைதிகள் கிறுக்கியதையெல்லாம் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார்கள். அந்த வேலைக்குப் போனபோது இவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. ஒவ்வொரு சுவரிலும் அப்பா பெயரைத் தேடுவார். இல்லையென்றால் சுரண்டுவார். அறுபத்து நாலு அறைகள். பெயர் கிடைக்கவில்லை.

நாத்தனார்தான் ஒருநாள் கேட்டார். "அப்பா பேரு எழுதாம வேற ஏதாச்சும் எழுதியிருந்தா? நீ பாட்டுக்குச் சுரண்டிப் போட்டிருப்பியேடா."

சும்மா கேட்டதுதான். ஆனால் சொந்த அப்பாவைத் தன் கையாலேயே அழித்துவிட்டோமோ என்று இவர் அன்றிலிருந்து உள்ளுக்குள் உருகிப்போனார். எனக்கு நாத்தனார் மேல் கோபம் கோபமாக வரும்.

ஒரே ஓர் அறை மட்டும் வருஷா வருஷம் மானத்தை வாங்கும். கடைசி வரிசை, மூலை அறை. எத்தனை முறை அடித்தாலும் பூச்சு உரியும். "இந்த ரூமுக்கு மட்டும் என்னய்யா கேடு?" என்று அதிகாரி கத்துவார். காரணம் இவருக்கு மட்டும்தான் தெரியும். பழசைச் சுரண்டாமல் அடித்தால் சுண்ணாம்பு பிடிக்காது. முதல் தடவை அந்த அறைக்கு வரும்போது மணி ஐந்து. அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை; ஐந்தேகாலுக்கு நான் இவருக்காகப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பேன். மனிதர் சுரண்டவும் இல்லை, தேடவும் இல்லை. சுண்ணாம்பை மேலாக இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு ஓடி வந்துவிட்டார். பிற்பாடு சுரண்டிப் பார்க்கப் பயம். உள்ளே ஒன்றுமில்லையென்றால் மிச்சமிருந்த நம்பிக்கையும் போய்விடுமே.

போன வருஷம் சிறையை மூடினார்கள். ஜனங்கள் வந்து பார்க்கிற இடமாக்கப் போகிறார்களாம். பழைய பூச்சை எடுக்க இவரையே கூப்பிட்டார்கள். நானும் நாத்தனாரும் கூடப் போனோம். அந்த மூலை அறையில், உயரத்துச் சன்னலிலிருந்து பகல் வெளிச்சம் பால் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. தகட்டால் நெம்ப நெம்ப, சுண்ணாம்பு ஏடு ஏடாக விழுந்தது. தூள் மிதந்து மிதந்து, காலுக்குக் கீழே தரை இருப்பதே மறந்துபோயிற்று.

முதலில் ஒரு கோடு வந்தது. பிறகு ஒரு வளைவு. ஆணியால் கீறியது. பெயர் இல்லை. இவர் கை நின்றுவிட்டது.

"நிறுத்தாதடா," என்றார் நாத்தனார். குரலே மாறியிருந்தது. "அது கழுத்து வெட்டு."

ஒரு சிறுமியின் கவுன். துணி வெட்டுமுன் போடுகிற கோடுகள், முழு அளவில். அதைச் சுற்றிக் கொஞ்சம் பெரிதாக இன்னொன்று. அதையும் சுற்றி மூன்றாவது. வருஷத்துக்கு ஒன்றாக, மகள் எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று மாமனார் உள்ளேயிருந்தே கணக்குப் பார்த்திருக்கிறார்.

நாத்தனார் மூன்றாவது கவுனின் தோளைத் தொட்டார். "ஒம்பது வயசுல நான் இவ்வளவு வளரல. அப்ப சோறு ஏது. அப்பா கூடுதலாவே நெனச்சுட்டாரு."

கொஞ்சம் தள்ளி, தனியாக ஒரு சின்னச் சட்டை. ஒன்றே ஒன்று. பிறந்ததா இல்லையா என்றே தெரியாத பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று எப்படித் தெரியும்?

என் வீட்டுக்காரர் தகட்டைக் கீழே வைத்தார். சுண்ணாம்பில் வெந்துபோன இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் விரித்தார். சட்டை முழுவதும் மறைந்துவிட்டது.

"அக்கா," என்றார். "எனக்கும் ஒண்ணு போட்டிருக்காரு."