அண்ணன் தாண்டாத ரோடு

நான் இருக்கும் ஊரில் சாலையைக் கடக்க ஒரு கம்பம் உத்தரவு கொடுக்கும். அயர்லாந்தின் தென்கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊர் இது. கம்பம் எந்நேரமும் மெதுவாக டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும். அதில் உள்ள பொத்தானை அழுத்திப் பச்சை விழுந்ததும் படபடவென்று அடிக்கும். கண் தெரியாதவர்களுக்காக வைத்த சத்தம் அது. கண் நன்றாகத் தெரிகிற நானும் அதற்காகத்தான் காத்து நிற்கிறேன், இரண்டு பக்கமும் ஒரு வண்டி இல்லாதபோதும். தப்பாகக் கால் வைத்தால் யாராவது பேரைக் குறித்துக்கொள்வார்களோ, விசாவில் ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அச்சடித்த காகிதம் எது வந்தாலும் மனைவியிடம் நீட்டிவிடுவேன். ஆனால் இந்தச் சத்தம் என்னைப் படுத்துவதற்கு வேறு காரணம் இருக்கிறது. அதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

நர்ஸ் வேலை கிடைத்து இங்கே வந்தவள் என் மனைவி ஷீலா. நான் அவள் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தவன். நடுவயதுக்கு மேல் பார்வை போனவர்களுக்கான ஒரு மையத்தில் வேன் ஓட்டுகிறேன். குச்சியைத் தட்டி நடப்பது, காதை வைத்து ரோட்டைத் தாண்டுவது, தெரியாத முனையில் விட்டாலும் வீடு வந்து சேர்வது, இதையெல்லாம் சொல்லித் தர அங்கே ஆசிரியர்கள் உண்டு. உண்டு என்று சொன்னாலும், நான் சேர்ந்தபோது இருந்தது ஒரே ஒருவர். பக்கத்தில் ஒரு நாற்காலி இரண்டு வருடமாகக் காலி. விளம்பரம் போட்டும் ஆள் வரவில்லை. பேட்ரிக் என்ற பெரியவர், கப்பலில் சரக்கு இறக்கி ஓய்வு பெற்றவர், ஒரு வருடத்துக்கு மேல் முறைக்குக் காத்திருந்தார். அவரை மருத்துவமனைக்குக் கொண்டுவிடும்போதெல்லாம் என்னிடம்தான் கேட்பார், எப்போது என் முறை வரும் என்று. அடுத்த மாதம் என்பேன். வாய்க்கு வந்தது அதுதான்.

அவரைப் பார்க்கும்போது திருவொற்றியூரில் இருக்கும் என் அண்ணன் ஆரோக்கியம் நினைவுக்கு வருவார். ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். கண்ணில் பிரஷர் ஏறி இரண்டு கண்ணும் அணைந்துபோனது. நான் ஊரில் இருந்தவரை நாங்கள் அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. அண்ணி கழிப்பறைக்குக்கூட மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். மூன்று வருடம் அப்படியே போனது. பிறகுதான் குச்சி பிடித்து நடக்கச் சொல்லித் தரும் கலா டீச்சர் வந்தார். மீஞ்சூரில் இருந்து வியாழக்கிழமைதோறும் ரயில் ஏறி வருவார். ராயபுரத்தில் இருந்து எண்ணூர் வரைக்கும் வீடு வீடாகப் போய் இந்த வேலையைச் செய்ய அவர்களுடைய ஆபீசில் அவர் ஒருவர்தான். முதல் வாரத்திலேயே அண்ணன் குரல் மாறிவிட்டது. "தோ பாரு ரோசி, என் கைய நீ புடிச்சி இஸ்துகினு போவாத. நான் இன்னா கைவண்டியா? உன் முழங்கைய நான் புடிச்சிக்கிறேன், டீச்சர் அப்டிதான் சொல்லிக்கீறாங்க" என்று அண்ணியை அதட்டுவது போனிலேயே எனக்குக் கேட்டது.

வீட்டுக்கும் கடற்கரைக்கும் நடுவில் இருப்பது எண்ணூர் போகும் பெரிய ரோடு. ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், திடீரென்று நகரும். அந்தாண்ட படகுகளின் நிழலில் அண்ணனின் தோஸ்துகள் சீட்டாடுவார்கள், கதை பேசுவார்கள். தனியாக அந்த ரோட்டைத் தாண்டி அங்கே போய் உட்கார வேண்டும், அவருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். டீச்சர் அவரைத் தெருமுனை வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். நிற்கிற லாரியின் இஞ்சின் சத்தம் வேறு, கிளம்பப் போகிற லாரியின் சத்தம் வேறு என்று பிரித்துக் கேட்கப் பழக்கினார். இன்னும் நாலைந்து வியாழக்கிழமை போதும் என்று என்னிடமே சொன்னார். நான் கவலைப்பட்டு வாராவாரம் அவரைப் போனில் தொல்லை பண்ணுவேன். அப்படித்தான் அவர் நம்பர் என்னிடம் இருந்தது.

ஒருநாள் டீ நேரத்தில் எங்கள் மேலாளர் மொரீன் அந்தக் காலி நாற்காலியைக் காட்டி, உன் ஊரில் இருந்து வரும்போது பெட்டிக்குள் ஒரு டீச்சரை ஒளித்துவைத்துக் கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அது தமாஷ் என்று இப்போது தெரிகிறது. ஆனால் ஹார்பரில் வளர்ந்தவனுக்கு அது தமாஷ் இல்லை. மேஸ்திரி ஆள் இருக்கா என்று கேட்டால் மறுநாள் காலையில் ஆளோடு போய் நிற்க வேண்டும். நிற்காதவனுக்கு அடுத்த வாரம் வேலை இல்லை. நான் டீ ஆறுவதற்குள் வெளியே வந்து கலா டீச்சருக்குப் போன் போட்டு, இங்கே வேலை இருக்கிறது என்றேன்.

அந்த நேரம் அண்ணன் நினைவு வரவில்லை என்று எழுதத்தான் ஆசை. வந்தது. ஆபீசில் வேறு ஆள் அனுப்புவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்களிடம் வேறு ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். டீச்சர் மேல் தப்பு ஒன்றும் இல்லை. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வேலையில் அவர் எத்தனை நாள் இருப்பார்? காகிதம், பரீட்சை என்று அலைந்ததில் அண்ணனின் வியாழக்கிழமைகள் போயின; எல்லாம் முடித்து டீச்சர் இங்கே வந்து சேர்ந்தார். மையத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட நன்றி அட்டையை எனக்குக் கொடுத்தார்கள். மொரீன் தோளில் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

அதே வாரம் அண்ணன் போனில் சொன்னார். "டீச்சர் பூட்டாங்கடா. ஃபாரின். எந்த ஊருன்னு சொன்னாங்கோ, மறந்துட்டேன். ஆபீஸ்ல கேட்டா வேற ஆள் வரும் வரும்ன்றாங்கோ." அப்படியா என்றேன். அந்த ஒரு சொல்லோடு பேச்சை மாற்றினேன். எட்டு மாதம் அப்படியே ஓட்டினேன். பேட்ரிக் பெரியவர் குச்சி பிடித்த கதையை மட்டும் வாராவாரம் அண்ணனுக்குச் சொல்வேன், யார் சொல்லித் தருகிறார்கள் என்பதை விட்டுவிட்டு.

போன வியாழக்கிழமை பேட்ரிக்கையும் டீச்சரையும் வேனில் கூட்டிக்கொண்டு போனேன். இந்தக் கம்பத்தடியில் அவரை இறக்கிவிட்டு, டீச்சர் அவரைத் தொடாமல் நான்கடி பின்னால் நின்றார். அவர் தனியாகத் தாண்டினார். தாண்டிப்போய் அந்தப் பக்கம் நின்று குச்சியைத் தூக்கிக் காட்டினார். டீச்சர் என் பக்கம் திரும்பாமலே, "அண்ணங்கிட்ட பேசிட்டீங்களா?" என்றார். எதைப் பேசுவதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். டீச்சரும் தாண்டிப்போய், பேட்ரிக் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இருவரும் கரையோரம் நடக்கப் போனதும், நான் கம்பத்தடியிலேயே நின்று போன் போட்டேன். அங்கே சாயங்காலம். அண்ணன் தெருமுனையில் நிற்பதாகச் சொன்னார். தினமும் அதுவரைக்கும் வந்து நின்றுவிட்டுத் திரும்புவாராம்.

"அண்ணா, டீச்சர் இங்கதான் கீறாங்க. நான்தான் சொல்லி இட்டாந்தேன்."

போனில் ஒரு லாரி கடந்துபோனது.

"தெரியும்டா. போறதுக்கு முன்னாடி வூட்டாண்ட வந்து அழுதுட்டுதான் போனாங்கோ. நீ எப்போ வாய தொறப்பேன்னு பாத்துகினு இருந்தேன்." பிறகு, "அந்தப் பெருசு ரோட்ட தாண்டிச்சா?" என்றார்.

"இப்பதான் தாண்டினாரு."

"நல்லது."

அதற்குள் யாரோ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். கம்பம் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. அது இன்னா சத்தம் என்று கேட்டார். ரோட்டைத் தாண்டலாம் என்று சொல்கிறது என்றேன்.

"அப்போ தாண்டு. இன்னாத்துக்கு நின்னுகினு கீற?"

ஆட்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அங்கேயே நின்றேன். அண்ணன் பக்கம் ஒரு கன்டெய்னர் லாரி பிரேக் போட்டு மூச்சு விட்டது. அதன் இஞ்சின் நிற்கிற சத்தமா, கிளம்பப் போகிற சத்தமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அங்கே அண்ணனுடைய குச்சி தரையில் இரண்டு தட்டு தட்டி நின்றது. இங்கே படபடப்பு அடங்கி, கம்பம் மறுபடி மெதுவாக அடிக்கத் தொடங்கியது.