உருவிவிட வந்த நாத்தனார்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

பைபாஸ் ஆபரேஷன் முடிந்து என் வீட்டுக்காரர் நன்றாகத்தான் நடமாடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை, முதுகைக் கிழிக்கிற மாதிரி வலிக்கிறது என்றார். தறிக்குழியில் உட்கார்ந்து நெய்தே காலம் போகிற எங்கள் தெருவில் முதுகு வலிக்காத ஆள் ஏது? வலித்தால் செவிலிமேட்டில் இருக்கிற நாத்தனார், இவருடைய அக்கா, எண்ணெயோடு வந்து உருவிவிடுவார். அவர் மோர்க்குழம்பைக்கூட இவர் புகழ்வார். எனக்கு வயிறு எரியும்.

அன்றும் வந்தார். "தள்ளிக்கமா, ஒரு உருவு உருவுனா சரியாப்பூடும்."

"அக்கா கை பட்டாவே போதும்" என்றார் இவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க அக்கா கை ஒண்ணும் வாணாம். ஏந்திரிங்க, டாக்டராண்ட போலாம்" என்று ஆட்டோவை வரவழைத்தேன்.

"பொறாமமா உனுக்கு" என்று நாத்தனாரும் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்திருந்ததாம். பைபாஸுக்குப் பிறகு அபூர்வமாக இப்படி ஆகுமாம். "வீட்லயே உருவிக்கிட்டு இருந்திருந்தா காப்பாத்தியிருக்க முடியாதும்மா" என்று சொல்லி, டாக்டர் உடனே சென்னைக்கு அனுப்பினார். மறுபடி ஆபரேஷன். மனுஷர் பிழைத்து வந்து, காபியில் சர்க்கரை இல்லை என்று என்னோடு சண்டை போடுகிறார். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

நாத்தனாரோ, தன் வேண்டுதலால்தான் தம்பி பிழைத்தான் என்று தெருவெல்லாம் சொல்கிறார். சொல்லட்டும். இவருக்கு முதுகோ நெஞ்சோ வலித்தால் இப்போது யாரையும் கைவைக்க விடுவதில்லை, நேரே ஆஸ்பத்திரிதான். நாத்தனாரும் கூடவே வருவார். ஆட்டோவில் அவர்கள் இருவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.