மூன்று வாரம் வளர்த்த ரேகை

மிலான் நகரத்துக்குப் போய்க் கால்பந்து பார்ப்பது என்று திட்டம் போட்டது நாங்கள் மூன்று பேர். டிக்கெட் எடுத்தது இரண்டு. இது எனக்கும் சாம்பிள் ரூம் சூப்பர்வைசருக்கும் முதல் நாளே தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது.

அவன் ரஃபிங் மெஷின்காரன். ஆம்பூரில் எங்கள் ஷூ ஃபேக்டரியில், தைத்து வரும் மேல்தோலின் அடிப்பக்கத்தைச் சுழலும் சக்கரத்தில் வைத்துச் சுரண்டித் தருவது அவன் வேலை. சுரண்டினால்தான் பசை பிடிக்கும், சோல் ஒட்டும். பதினோரு வருடமாகத் தோலோடு சேர்த்துத் தன் விரல்களையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலாற்று மணலில் ஃபேக்டரி டீமுக்கு அவன்தான் கோல்கீப்பர். நான் பேருக்கு ஒரு டிஃபெண்டர். பந்தைக் கோட்டைவிட்டால் அத்தனை பேர் முன்னாலும் கத்துவான்: "சார், காலு இன்னாத்துக்கு வெச்சினு கீறீங்க?" ஃபேக்டரிக்குள் நான் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், அவன் மெஷின் ஆள். மணலில் மட்டும் அது தலைகீழ். அதை நான் மறக்கவில்லை.

மிலானைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. வருடக்கணக்காக எங்கள் ஏற்றுமதிப் பெட்டிகளில் அந்த ஊர்ப் பெயரைப் பார்த்துப் பார்த்து, போனில் தேடித் தேடி, அந்த ஊரையே மனப்பாடம் செய்து வைத்திருந்தான். சாப்பாட்டு நேரத்தில் சாம்பிள் ரூமுக்கு வந்து, பேட்டர்ன் வெட்டும் அட்டையின் பின்பக்கத்தில் மூன்று நாள் திட்டத்தை வரைந்தான். முதல் நாள் ஸ்டேடியத்தின் உள்ளே போய் வீரர்கள் உடை மாற்றும் அறையைப் பார்ப்பது. இரண்டாம் நாள் பழைய சைக்கிள் பந்தய மைதானம். மூன்றாம் நாள் மேட்ச். எந்த மெட்ரோவில் ஏறி எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்பதுவரை அம்புக்குறி போட்டிருந்தான்.

"கோல் பின்னாடி சீட்டு எடுங்க சார். சைடுல உக்காந்தா கீப்பர் எங்க நிக்கிறான்னே தெரியாது."

நாங்கள் தலையாட்டினோம், அட்டையை போட்டோ எடுத்துக்கொண்டோம். திட்டம் வேண்டும், ஆள் வேண்டாம். அங்கே போயும் அவன் முன்னால் நடக்க, நான் பின்னால் ஓட வேண்டியிருக்கும் என்பதுதான் காரணம். கௌரவமாகச் சொல்லிக்கொள்ள வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

நீ வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. கடைசியில் அவனே வழி காட்டினான். ஒரு நாள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி கேட்டான். "விசாவுக்கு பத்து வெரலும் வெக்கணுமாமே சார். எனக்கு ரேஷன் கடையிலயே வுழ மாட்டேங்குது."

பொய்யில்லை. காலையில் நாங்கள் எல்லோரும் கேட்டில் வருகை மெஷினில் விரல் வைத்து உள்ளே போவோம். அவன் மட்டும் செக்யூரிட்டியிடம் நோட்டில் கையெழுத்துப் போடுவான். பாஸ்போர்ட் வாங்கப் போன இடத்திலும் பல தடவை தேய்த்துத் துடைத்து வைத்த பிறகுதான் ஏற்றுக்கொண்டதாம்.

இதற்குப் பதில் எனக்குத் தெரியும். முந்தைய வருடம் எங்கள் ஃபினிஷிங் ஃபோர்மேனைத் தோல் கண்காட்சிக்கு அனுப்ப, விசாவுக்காகச் சென்னைக்கு அழைத்துப் போனவன் நான்தான். அவர் விரலும் இதே லட்சணம். கவுண்டரில் இருந்த பெண் மூன்று முறை வைக்கச் சொன்னாள், பதிந்தவரை போதும் என்று அனுப்பிவிட்டாள். விசா வந்தது.

"கஷ்டம்தான்பா," என்றேன் நான். "நம்மளது ஒரே குரூப் அப்ளிகேஷன். உனக்கு விழலன்னா எங்க ரெண்டு பேருதும் சேந்து ரிஜெக்ட் ஆயிடும்."

அவன் முகம் செத்துப்போனது. உடனே வைத்தியமும் சொன்னேன். "மூணு வாரம் மெஷினத் தொடாத. தோல் வளந்துடும். ரேகை தானா வந்துடும்." வைத்தியம் உண்மைதான். அதனால்தான் அவன் நம்பினான்.

மிலானுக்காக அவன் சேர்த்து வைத்திருந்த லீவு பதினெட்டு நாள்; ஞாயிறு போக, சரியாக மூன்று வாரம். டைம் ஆபீஸ் பலகையில் ஒட்டியிருந்த பட்டியலில் நான் பார்த்துவிட்டுத்தான் மூன்று வாரம் என்று சொன்னேன்.

"அப்ப மிலானுக்குப் போறதுக்கு லீவு, சார்?"

"அத நான் பாத்துக்கிறேன்."

அந்த மூன்று வாரமும் கையைக் கைக்குழந்தை மாதிரி வைத்துக்கொண்டான். தேங்காயெண்ணெய் தடவி, ராத்திரி கைக்கு சாக்ஸ் மாட்டிக்கொண்டு தூங்கினானாம். ஞாயிற்றுக்கிழமை பாலாற்றுக்கு வந்து, அக்குளில் கையைச் செருகிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றான். நாங்கள் ஆறு கோல் வாங்கினோம். அப்போதும் என்னைப் பார்த்து அவன் கத்தவில்லை. நான் அவனுக்கு வேண்டிய ஆளாயிற்றே.

நான்காவது திங்கட்கிழமை காலை, வருகை மெஷினில் விரல் வைத்தான். மெஷின் "தேங்க் யூ" என்றது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அடுத்தடுத்த விரலையும் வைத்துப் பார்க்க ஆரம்பித்தவனை செக்யூரிட்டி விரட்டியடித்தார். நேராக என் மேசைக்கு வந்து பத்து விரலையும் விரித்தான். "பாருங்க சார். வூட்ல கண்ணாடியத் தொட்டாகூட அச்சு வுழுது. லீவு லெட்டர் வாங்கிக் குடுத்துடுங்க சார்."

ஃபேக்டரியின் லீவு கடிதம் இல்லாமல் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. மேனேஜரிடம் நீயே போய்க் கேள் என்று அனுப்பினேன். நாங்கள் மிலானுக்குப் போகவிருந்த மாதத்தில்தான் ஷிப்மெண்ட். தேதி குறித்தவனும் நான்தான். லீவு ஒரு நாள்கூட இல்லை, சம்பளம் பிடித்துக்கொண்டு போவதும் கிடையாது, ஏற்கனவே மூன்று வாரம் மெஷினை விட்டுவிட்டுப் போனவன் என்று மேனேஜர் துரத்தினார்.

திரும்பி வந்தவனிடம் சூப்பர்வைசர் சாம்பிள் ரூம் அலமாரியைக் காட்டினார். எங்கள் வழக்கப்படி சாம்பிள் ஒரு ஜோடி செய்தால் ஒரு கால் வெளிநாட்டுக்குப் போகும், மற்றது அடையாளத்துக்கு இங்கேயே இருக்கும். "நீ ரேக்ல நிக்கிற காலுப்பா," என்றார். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவன் என்னைத்தான் பார்த்தான். "பாத்துக்கிறேன்னு சொன்னீங்களே சார்."

"பாத்தேன்பா. கெடைக்கல."

திரும்பிப் போய் சக்கரத்தை ஓட்டினான்.

அடுத்த மாதம் மிலானில் அவன் அட்டையின் போட்டோவைப் பார்த்துத்தான் நடந்தோம். ஒரு திருப்பம்கூடத் தப்பவில்லை. சீட்டு மட்டும் வேண்டுமென்றே சைடில் எடுத்திருந்தேன். ஒரு கோல் விழுந்தது. கீப்பர் எங்கே நின்றான், பந்து எப்படிப் போனது என்று எனக்குப் புரியவே இல்லை. சொல்லித்தர ஆள் இல்லை. அசிங்கமாக இருந்தது.

ஊர் திரும்பிய மறுநாள் காலை கேட்டில் எனக்கு முன்னால் அவன் நின்றான். விரல் வைத்தான். மெஷின் "ட்ரை அகெய்ன்" என்றது. பத்து விரலையும் வைத்தான். பத்துக்கும் அதையே சொன்னது. நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். அப்போதுதான் என்னைப் பார்த்தான்.

"கோல் பின்னாடிதானே சார் உக்காந்தீங்க?"

"ஆமாம்பா," என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு உள்ளே போனான். நான் விரல் வைத்தேன். முதல் தடவையே மெஷின் "தேங்க் யூ" என்றது.