சுண்டெலியைக் கூட்டிவந்த டாக்டரம்மா

"கேள்வி கேட்கத் தெரியுது. கேட்டுட்டு வாயை மூடத் தெரியலையே ஒருத்தருக்கும்!"

இதைச் சும்மா படித்தால் பயனில்லை. மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொள்ள வேண்டும். 'ஒருத்தருக்கும்' என்பதைக் கூரை வரை இழுத்துக்கொண்டு போய் அங்கிருந்து தொப்பென்று கீழே போட வேண்டும். அப்போதுதான் எங்கள் டாக்டரம்மா வருவார்.

கல்லூரியோடு ஒட்டிய நாய், பூனை ஆஸ்பத்திரியில் கடைசி வருட மாணவர்களான எங்களுக்குப் பாடம் எடுப்பவர் அவர். பாடம் என்றால் கரும்பலகை எல்லாம் கிடையாது. வாசலில் வந்து நிற்கும் சொறி, வாந்தி, காதுவலி, நொண்டல் எல்லாவற்றையும் முதலில் நாங்கள்தான் பார்க்க வேண்டும். அவர் மூலையில் ஒரு முக்காலியில், ஆறிப்போன டீயோடு உட்கார்ந்து பெருமூச்சு விடுவார். பெருமூச்சின் நீளத்தை வைத்தே நாங்கள் செய்த தப்பின் அளவு தெரிந்துவிடும்.

வேலையில் புலி, அதைச் சொல்லிவிட வேண்டும். மடியில் கிடக்கும் பூனை சுகமாகக் குர்ர்... குர்ர்... என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தால் அதன் இதயத் துடிப்பு காதில் விழாது. ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு நாங்கள் திருதிருவென்று விழிப்போம். டாக்டரம்மா எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிடுவார். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் பூனை கப்சிப். "இப்பக் கேளு." உறுமுகிற நாயிடம், "என்னடா ராஜா, யாரு உன்னைத் திட்டினது?" என்று குழைவார். ராஜாவைத் தவிர எல்லோரையும் திட்டுவது அவர்தான்.

அவர் புலம்பலிலும் நியாயம் இருந்தது. "என்ன சாப்பாடு குடுக்கறீங்க?" என்று கேட்போம். எதிரில் இருப்பவர் யோசிக்கும் அந்த நொடியை எங்களால் தாங்க முடியாது. "காலையில ஒரு கிண்ணம், சாயங்காலம் ஒரு கிண்ணம், அப்படித்தானே?" என்று நாங்களே எடுத்துக் கொடுப்போம். உருண்டு திரண்ட நாயைப் பிடித்திருப்பவரின் முகம் மலரும். "ஆமாங்க, அதேதான்!" அவர் கதவைத் தாண்டியதும் மூலையிலிருந்து, "பதிலையும் நீயே சொல்லிட்டா அவரு எதுக்குய்யா வந்தாரு, நாய்க்குத் துணைக்கா? கேட்டுட்டு..." அப்புறம் மூக்கு, கூரை, தொப்.

எங்களில் ஒருவனுக்கு மட்டும் நேர்மாறான வியாதி. ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்திருந்தோம். யார் கைக்கும் சிக்காத கட்டி அவன் விரலுக்குச் சிக்கும். ஆனால் ஆட்களைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்காகவே டாக்டரம்மா அவனை ஒரு முறை ஃபெயில் போட்டிருந்தார். "நாய் உனக்கு நூத்துக்கு நூறு போடும்பா. கூட்டிட்டு வர்றவங்க என்ன போடுவாங்க?" இப்போது இரண்டாவது முறை. இதுவும் போனால் நாங்கள் எல்லோரும் டாக்டராகிப் போய்விடுவோம், அவன் மட்டும் இதே மேசை முன்னால் இன்னொரு கூட்டத்தோடு நிற்க வேண்டும். பயிற்சியின் கடைசி நாள், கடைசி கேஸ். அவனுடைய முறை.

முக்காலி காலியாக இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு, வெள்ளைக் கோட்டு இல்லாமல், கைப்பையோடு டாக்டரம்மாவே உள்ளே வந்தார். பின்னால் நொண்டிக்கொண்டே அவர் வீட்டு நாய் சுண்டெலி. உள்ளங்கையில் அடங்கிய காலத்தில் வைத்த பெயர். இப்போது அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

"என்ன முழிக்கறே? சொந்த நாயைச் சொந்தக்காரி பார்த்தா கண்ணு பொய் சொல்லும். இன்னிக்கு நான் மேடம் இல்ல. ஒரு நாயைக் கூட்டிட்டு வந்த பொம்பளை. ம், ஆரம்பி."

ஊமைக்கோட்டான் தரையில் உட்கார்ந்து பின்னங்காலை இடுப்பிலிருந்து நகம் வரை தடவிப் பார்த்தான். முட்டியில் கை பட்டதும் சுண்டெலி முனகியது. அவன் தலையைத் தூக்காமலே கேட்டான்.

"என்ன சாப்பிடுது?"

"காலையில ஒரு கிண்ணம், சாயங்காலம் ஒரு கிண்ணம். அளந்துதான் போடறேன்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. பயத்தில் அவனுக்கு ஒன்றும் வரவில்லை என்பது கதவோரம் நின்ற எங்களுக்குத் தெரியும். முடிந்தது கதை என்று நினைத்தோம். சுண்டெலி மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நடுவுல ஒண்ணும் கிடையாது," என்றார் டாக்டரம்மா.

அவன் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"டீ குடிக்கும்போது ஒரு பிஸ்கட். அவ்வளவுதான்."

தடவல்.

"ஒண்ணுன்னா... பாக்கெட்டுக்குள்ள கையை விட்டா எத்தனை வருதோ அது. எதுக்குய்யா பேசாம இருக்கே? எல்லாம் எங்க வீட்டுக்காரர் பண்ற வேலை! எனக்குத் தெரியாம தட்டுல இருக்கறதை எல்லாம் மேசைக்கு அடியில தள்ளிடறாரு. கேட்டா, நானா, நானான்னு கண்ணை உருட்டறாரு."

சுண்டெலி கைப்பையை மோந்து பார்த்தது. ஊமைக்கோட்டானும் கைப்பையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சரி, நானும்தான் குடுக்கறேன்! அவருக்குத் தெரியாம! போதுமா?"

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். அவன் வாயிலிருந்து நாங்கள் கேட்டதிலேயே நீளமான பேச்சு அது. "முட்டிதான் மேடம் வலிக்குது. படம் எடுத்துப் பார்த்துடலாம். ஆனா எடை குறையாம எந்த மருந்தும் கேக்காது. ரெண்டு பேரும் போட்டி போட்டுக் குடுக்கறீங்க. இனிமே ஒருத்தர்தான் குடுக்கணும்."

"யாரு?"

"நீங்க இல்ல."

கதவோரம் எங்களுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வெடித்தது. டாக்டரம்மா எங்களை ஒரு பார்வை பார்த்தார், கைப்பையைத் திறந்தார், பிரித்த பிஸ்கட் பாக்கெட் ஒன்றை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"பாஸ்டா, பாஸ், எழுந்து போ! கேட்டுட்டு வாயை மூடுங்கன்னு காலம் பூரா கத்தினேன், எவனும் மூடல, கடைசியில மூடினவன் என் வீட்டு வண்டவாளத்தைக் கேட்கத்தான் மூடணுமா? எங்க வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டு நீயே சொல்லிடு, ஆனா சொல்லிட்டு உடனே வச்சிடு, அங்கேயும் இப்படிப் பேசாம நின்னே, அந்த மனுஷன் நான் இன்னும் சொல்லாததையும் சேர்த்துச் சொல்லிடுவாரு!"