கதவருகே தேவிப்பிரியா

பாப்பாரப்பட்டியில் பஸ் கிளம்புவதற்குள் தேவிப்பிரியா இரண்டு டீக்கடைகளை இணைத்துவிடுவாள். எதிரெதிர்க் கடைகள். முதலாளிகளுக்கு விஷயம் தெரியாது. "பாய்லர் இவருது நல்லாருக்கு. வடை மாஸ்டர் அவருகிட்ட. சேத்துட்டா மாஸ்டருக்கு வேலை போயிடக் கூடாதுங்க சார், அதுக்கு ஒரு ஷரத்து எழுதோணும்" என்பாள், பக்கத்து சீட்டில் மாட்டிக்கொண்ட என்னிடம்.

தருமபுரியில் சட்டம் படிக்கிறாள், கடைசி வருஷம். நிறுவன இணைப்புச் சட்டம் என்று கேட்டாலே எனக்குக் கொட்டாவி வரும். அவளுக்கோ தேர்த் திருவிழா. பேசும்போது கை சும்மா இருக்காது. ஒருமுறை கண்டக்டரின் டிக்கெட் கட்டையே தட்டிவிட்டாள். எந்தக் காகிதத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பாள். "மொதப் பக்கத்துல நல்லதா எழுதுவாங்க. நெசம் கடைசிலதாங்க இருக்கும்."

போன மாதம் பாடம் வீட்டுக்கே வந்துவிட்டது. அவள் அம்மா குள்ளம்மாள் பங்கு வைத்திருக்கும் புளி விவசாயிகள் கம்பெனியை, கடத்தூர்ப் பக்கத்துப் பெரிய கம்பெனியோடு இணைக்கத் திட்டம். சொத்துப் பட்டியலில் தராசு இருந்தது, பிளாஸ்டிக் நாற்காலிகூட இருந்தது. உறுப்பினர்கள் சேர்ந்து கட்டிய குடோன் மட்டும் இல்லை.

"குடோனை உட்டுட்டு மதிப்புப் போட்டுருக்காங்க சார்! நம்ம ரெண்டு பங்குக்கு அங்க ஒண்ணுதான் தர்றாங்க. குடோனைச் சேத்தா ஒண்ணுக்கு ஒண்ணு!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

ஆனால் உறுப்பினரல்லாதவர் கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. தலைவர் பேசி முடித்ததும் எல்லோரும் மரியாதைக்குக் கை தட்டுவார்கள். அதையே சம்மதம் என்று எழுதிக்கொண்டு டீ கொடுத்துவிடுவார்கள். எத்தனையோ தீர்மானங்கள் அப்படித்தான் நிறைவேறியிருக்கின்றன. தேவிப்பிரியா மூன்று நாள் அம்மாவைப் பாடாய்ப் படுத்தினாள். "கை தட்டாதம்மா. எந்திரிச்சுக் கேளு."

"நாலு பேரு முன்னால எனக்கு வாயே வராதுடி" என்றாராம் குள்ளம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நானும் போய், அவளோடு கதவருகே நின்றேன். தலைவர் மாதேஸ்வரன் பேசி முடித்தார். கைதட்டல் தொடங்கிவிட்டது. டீ கேனும் உள்ளே வந்தது. குள்ளம்மாள் குனிந்த தலை நிமிரவில்லை. போச்சு என்று நினைத்தேன்.

அப்போதுதான் எழுந்தார். "ஏனுங்க, நாங்க கல்லு சொமந்து கட்டுன குடோன் இந்த லிஸ்ட்டுல எங்கீங்க?"

கைதட்டல் பாதியில் நின்றது. "அதானே, எங்கீங்க?" என்றார் பின்வரிசை முனிராஜ். அப்புறம் ஆளாளுக்கு எழுந்தார்கள். மாதேஸ்வரன் காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "குடோனைச் சேத்து மறுபடி மதிப்புப் போட்டுட்டு வர்றோம். இன்னிக்குத் தீர்மானம் இல்லீங்க" என்றார்.

நான் தேவிப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தாள்.