அப்பாவின் கல்வெட்டில் நான் எழுதிய பொய்

அப்பா இறந்த முப்பத்தோராம் நாள் நினைவுக்குக் கல்வெட்டு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. வருகிறவர்களுக்குக் கையில் கொடுக்கும் அந்தச் சிறு புத்தகத்தில் அவருடைய வாழ்க்கை வரலாறு வேண்டும். வீட்டில் தமிழ் ஒழுங்காக எழுதத் தெரிந்தவள் நான்தான். ஐந்து மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லோருடைய கல்வெட்டிலும் இருப்பதையே எழுதினேன்: வேலை, வீடு, கோயில். 'மதுச்சாலை வாசல் மிதியாதவர்' என்றும் சேர்த்தேன். அது அதிகமோ என்று இரண்டு முறை அழித்து, இரண்டு முறையும் திரும்ப எழுதினேன்.

அச்சுக்கு அனுப்ப இருந்த அன்று காலை, நோர்வேயில் ரொம்மன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு மணி அடித்தது. நரைத்த தாடியுடன் ஒரு நோர்வேக்காரர் கிற்றார் பெட்டியோடு நின்றார். வீடு மாறி வந்துவிட்டார் என்றே நினைத்தேன். அவர் அப்பாவின் பெயரைச் சொன்னார்.

"இது அவருடையது. பத்தொன்பது வருடம், ஒவ்வொரு வியாழனும் எங்கள் பாரில் ப்ளூஸ் பாடினார்," என்றார்.

கோப்பை கழுவ வந்தவராம். ஓய்வு நேரத்தில் பின்கட்டில் இருந்து தானாகவே கிற்றார் பழகினாராம். ஒருநாள் பாடகர் வராமற்போக, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மேடையேறினாராம். பிறகு பேர்கன், துரொம்சோ என்று வேறு நகரங்களில் நடந்த விழாக்களிலும் பாடினாராம்.

பேர்கனா? வேலையிடத்துப் பயிற்சி என்றல்லவா சொல்லிவிட்டுப் போனார்! வியாழன் என்றால் ஓவர்டைம். அம்மா பிட்டை மூடிவைத்துக் காத்திருப்பார். குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு அவரை உள்ளே வரச் சொன்னேன்.

வந்தவர் கைபேசியில் ஒரு பதிவைப் போட்டார். அந்தக் கரகரத்த குரல் அப்பாவுடையதுதான். வீட்டில் அவர் தேவாரம்கூடப் பாடியதில்லை.

அம்மா சமையலறை வாசலுக்கு வந்தார்.

"இங்கிலீசிலை என்ன பிள்ளை பாடுறார்?"

சொல்லலாமா என்று தயங்கினேன். "மனுசி விட்டிட்டுப் போயிட்டாவாம், அம்மா. தனிய இருந்து அழுறாராம்."

"நான் எங்கையடி போனனான்?"

"இந்த ப்ளூஸ் பாட்டெல்லாம் அப்பிடித்தானாம். ஆரோ விட்டிட்டுப் போன சோகந்தானாம்."

"எனக்கு ஒருநாள் பாடிக் காட்டேல்லை. ஊருக்கு மட்டும் என்னைக் குறை சொல்லிப் பாடியிருக்கிறார்!"

வந்தவர் பதிவை எனக்கு அனுப்பிவிட்டுப் போனதும் சித்தப்பாவை அழைத்து நடந்ததைச் சொன்னேன். "கல்வெட்டிலை உதெல்லாம் வேண்டாம். சனம் சிரிக்கும். எழுதினதை அப்பிடியே அனுப்பு," என்றார். அனுப்பினால் பொய். மாற்றினால் அம்மாவுக்குத் தலைக்குனிவு. எதைச் செய்தாலும் அப்பாவுக்குத் துரோகம் போலிருந்தது.

அம்மா பாட்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். மூன்றாம் முறை முடிந்ததும் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"அந்த மதுச்சாலை வாசல் வரியை வெட்டு. பாடகர் எண்டு போடு."

"சித்தப்பா வேண்டாம் எண்டவர்..."

"புருசனைப் பறிகுடுத்தது உன்ரை சித்தப்பாவே? போடு. கீழை இன்னொண்டும் எழுது. மனுசி ஒருநாளும் விட்டிட்டுப் போகேல்லை எண்டு."

கல்வெட்டில் எழுதும் வரியா அது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதினேன்.