சகாயமேரி போட்ட ஃபயர்வால்

யுவராணியின் நல்ல படம் சகாயமேரியின் கணினியில் மட்டும்தான் இருந்தது. வேலைக்கு மனுப் போடுவதற்காக, வீட்டுச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி சகாயமேரியே எடுத்த படம். அடுத்த சித்திரையில், கம்பெனி வேலை முடிந்து கீழ்புத்துப்பட்டிலிருந்து வண்டியில் திரும்பும்போது லாரி மோதி அந்தப் பெண் இறந்தாள். அவளுடைய போனும் பையும் அதே இடத்தில் நசுங்கிப்போயின. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் பிளெக்ஸுக்கும் சகாயமேரி அந்தப் படத்தைத்தான் வைத்தாள்.

யுவராணியின் அம்மா லட்சுமியம்மாள் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். காரியம் முடிந்ததும் வந்து சொன்னாள்.

"மேரி, வருஷம் திரும்பாம வீட்ல படம் மாட்டக் கூடாது. எங்க வழக்கம் அப்படி. தெவசத்துக்கு நல்லா பெருசா போட்டுக் குடு. அதுவரிக்கும் உன்கிட்டயே இருக்கட்டும்."

"இருக்கும் லட்சுமிக்கா. எங்க போவப்போவுது."

சகாயமேரியின் அப்பா சவரிமுத்து குத்தகைக்கு உப்புப் பாத்தி பார்த்தவர். பள்ளி முடியும்வரை அவளும் அவரோடு வேலை செய்தாள். பிறகு திண்டிவனத்தில் ஒரு டி.டி.பி. கடையில் வாசல் பெருக்கச் சேர்ந்து, பக்கத்தில் நின்று பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டாள். இப்போது வீட்டிலேயே கணினி வைத்திருக்கிறாள். கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் ஊர் அவளிடம்தான் வரும். ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு ஃபோல்டர் இருக்கும். எதையும் அழிக்க மாட்டாள்.

ஐப்பசியில் திண்டிவனத்திலிருந்து தேவநாதன் போன் செய்தான். அவளோடு வேலை பார்த்தவன், இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான்.

"அக்கா, என் சிஸ்டம் போச்சு. எவனோ பூட்டிட்டு டாலர்ல காசு கேக்குறான். பத்து வருஷ வேலை."

"நீ பாட்டுக்கு எதையாவது தொட்டியா?"

"நான் டீ குடிக்கப் போயிருந்தேன்கா."

ஆள் இல்லாதபோதே இணையம் வழியாக நுழைகிறவர்களைத் தடுக்க, அன்றிலிருந்து அவள் ஃபயர்வால் தேட ஆரம்பித்தாள். மழைக்காலம், வேலையும் குறைவு. முதலில் இலவசமாகக் கிடைத்த ஒன்றை ஏற்றினாள். அது கணினியில் எந்தப் புரோகிராம் வெளியே போனாலும் நிறுத்தி, விடவா வேண்டாமா என்று கேட்டது. ஒவ்வொன்றின் பெயரையும் தேடிப் படித்து, அது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகே பதில் சொன்னாள். ஆனால் அவசர போஸ்டர் வேலை வந்த அன்றைக்கும் அது விடாமல் கேட்டது. எடுத்துவிட்டாள். பிறகு காசு கட்டுவது ஒன்றை ஒரு மாதச் சோதனைக்குப் போட்டாள். பெரிய பிளெக்ஸ் ஃபைலைத் திறந்தால் கணினி மூச்சு வாங்கியது. அதையும் எடுத்தாள். கடைசியில், கணினியோடு வந்த ஃபயர்வாலே போதும், ஆனால் ஒழுங்காக வைக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். வைஃபை பெட்டியின் பழைய பாஸ்வேர்டை மாற்றினாள். வெளியிலிருந்து கணினியை இயக்குகிற வழியை மூடினாள். இணையத்திலிருந்து தானாக எதுவும் உள்ளே வர முடியாதபடி ஒவ்வொரு கதவாக அடைத்தாள்.

ஒரு கேள்வி மிச்சமிருந்தது. இந்த இணைப்பு பொதுவா, சொந்தமா என்று கணினி கேட்டது. சொந்தம் என்றால் அதே வைஃபையில் இருக்கிற மற்றக் கணினிகள் தடையில்லாமல் இதற்குள் வந்து போகலாம். அந்த வைஃபையை அவள் வீடும் பக்கத்து வீட்டுக் கொழுந்தன் மார்ட்டினும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். மார்ட்டின் செல் கடை வைத்திருக்கிறான். அவனுடைய லேப்டாப்பிலிருந்து அவளுடைய பிரிண்டருக்கு அனுப்புவான். கடைக் கணக்கை அவளுடைய கணினியிலும், அதில் எப்போதும் செருகியிருக்கும் தனி டிஸ்கிலும் போட்டு வைப்பான். அவள் படங்களின் நகலும் அந்த டிஸ்கில்தான் இருந்தது.

உப்பளத்தில், கடல்நீர் ஏறி வருகிற கழியின் பக்கத்துக் கரையைத்தான் உயர்த்தி, களிமண் போட்டு மிதித்து இறுக்குவார்கள். வெள்ளம் அங்கிருந்துதான் வரும். பாத்திக்கும் பாத்திக்கும் நடுவில் இருப்பது கால் வைத்து நடக்கிற வரப்பு. பக்கத்துப் பாத்திக்காரனுக்கு எதிராக யாரும் கரை போடுவதில்லை. சகாயமேரி யோசிக்கவே இல்லை. சொந்தம் என்று அழுத்தினாள்.

மாசியில் ஒரு காலை, மார்ட்டின் லேப்டாப்போடு வந்தான்.

"அண்ணி, ஒரு ஃபைலும் தொறக்க மாட்டுது."

"என்னத்த ஏத்துன?"

"பில் போடுற சாப்ட்வேர். ஓசியில கிடைச்சுது. ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணாத்தான் ஏறும்னு போட்டிருந்தான்."

"பண்ணிட்ட."

"ஏறுச்சே அண்ணி."

அவள் தன் கணினியில் யுவராணியின் ஃபோல்டரைத் திறந்தாள். படத்தின் பெயருக்குப் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. படம் திறக்கவில்லை. டிஸ்கிலும் அப்படியே. அவளுடைய ஃபயர்வால் சொன்ன வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. இணையத்திலிருந்து யாரும் நுழையவில்லை.

தேவநாதன் நேரில் வந்து பார்த்தான். "காசு கட்டுனாலும் குடுப்பான்னு நம்ப முடியாதுக்கா. அழிச்சிடாத, வெச்சிரு. என்னைக்காவது சாவி கண்டுபுடிச்சு வெளியில விடுவாங்க. விடாமயும் போவலாம்."

பிளெக்ஸ் அச்சடித்த கடையில் விசாரித்தாள். அங்கே மாதாமாதம் அழித்துவிடுவார்களாம். சுவர் போஸ்டர்கள் மழையில் போயிருந்தன. மனுவோடு கொடுத்த படத்தைக் கம்பெனியில் கேட்டதற்கு, பழைய மனுக்களை வைத்திருப்பதில்லை என்றார்கள்.

சித்திரை பிறந்ததும் லட்சுமியம்மாள் வந்தாள். வேலையிலிருந்து நேராக வந்ததால் முழங்கால்வரை உப்பு வெளுத்திருந்தது. சகாயமேரி நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். லட்சுமியம்மாள் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ படம் இதுக்குள்ளதான் இருக்குதா?"

"இருக்குதுக்கா. தொறக்க முடியாது."

"பிளெக்ஸ் இருக்குமேன்னு நானும் தேடுனேன். உப்புக் குவியல் மேல போத்தியிருக்கானுங்க. வெயில்ல மூஞ்சி வெளுத்துப்போச்சு. பேரு மட்டும் தெரியுது."

"ஆதார்ல இருக்கறத பெருசு பண்ணித் தரட்டா?"

"அது பன்னண்டு வயசுல எடுத்தது. நான் பறிகுடுத்தது அந்தப் புள்ளய இல்லியே மேரி."

லட்சுமியம்மாள் மேசையைச் சுற்றிப் பார்த்தாள்.

"வேற எதுலயாவது இருக்குதா?"

"இந்த டிஸ்க்லயும் இருக்குது. இதுவும் பூட்டித்தான் கெடக்குது."

"அதக் குடு."

"எதுல செருகுனாலும் ஒண்ணும் தெரியாதுக்கா."

"தெரிய வேணாம். தெவசத்துக்கு வைக்க எதாவது வேணுமில்ல."

என்றைக்காவது சாவி வந்தால் திறந்து பார்க்கக் கணினியில் ஒரு நகல் இருந்தது. சகாயமேரி டிஸ்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றிக் கொடுத்தாள். லட்சுமியம்மாள் அதைச் சாப்பாட்டுத் தூக்கின் மேல் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு போனாள்.

தெவசத்தன்று சகாயமேரி போனாள். பலகையில் வாழையிலை விரித்து, வடையும் சோறும் படைத்திருந்தார்கள். படம் வைக்கிற இடத்தில் அந்தக் கறுப்பு டிஸ்க் இருந்தது. மேலே குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லியைச் சுற்றியிருந்தார்கள். வந்த பெண்கள் அது என்னவென்று கேட்கவில்லை, முன்னமே சொல்லியிருப்பார்கள் போலிருந்தது. சகாயமேரி டிஸ்கை ஒட்டி வைத்திருந்த தண்ணீர்ச் சொம்பைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, அவர்களோடு தரையில் உட்கார்ந்தாள்.